கரு ஒட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது, யார் யாருக்குச் சிக்னல் கொடுக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) சிகிச்சையில் ஐந்தாம் நாள் கரு, கிரேடு நன்றாக இருக்கிறது, கருப்பையின் உட்சவ்வும் 9 மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று சொல்லித்தான் டாக்டர் உள்ளே வைத்தார், ஆனாலும் தங்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் கருவுக்கும் கருப்பைக்கும் நடுவே அப்படி என்னதான் நடக்கிறது, சிக்னல் கொடுப்பது கருவா கருப்பையா?

இரண்டும் கொடுக்கின்றன, அதுவும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பிருந்தே. நான் டாக்டர் இல்லை, இனப்பெருக்க உயிரியல் படித்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் உங்கள் ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்லமாட்டேன், பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒரு படத்தை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். கரு விதை, கருப்பை நிலம், நல்ல விதை நல்ல நிலத்தில் விழுந்தால் முளைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், டாக்டர்களும் சொல்கிறார்கள். நிலம் தன்மேல் விழுந்த விதையைச் சோதித்துப் பார்ப்பதில்லை. கருப்பை பார்க்கிறது. இன்னும் சொன்னால், உடம்பிலேயே கருவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த இடம் கருப்பையின் உட்சவ்வுதான். 1960களில் கிர்பி என்பவர் எலியின் கருவை எடுத்துச் சிறுநீரகத்தின் உறைக்கு அடியில் வைத்துப் பார்த்தார், ஆண் எலியின் விந்தகத்துக்குள்ளேயும் வைத்துப் பார்த்தார். ஹார்மோன்களால் எந்த முன்தயாரிப்பும் செய்யப்படாத அந்த இடங்களில்கூடக் கருவின் வெளிச்செல்கள் திசுவைக் குடைந்து உள்ளே போயின. மனிதர்களில் கருக்குழாயிலேயே கரு ஒட்டிக்கொண்டு உயிருக்கு ஆபத்தாகிற கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் அதே கருவை, தயாராக இல்லாத நாளில் கருப்பைக்குள் வைத்தால் ஒட்டாது. எலியில் உட்சவ்வின் மேல்தோல் செல்களைச் சுரண்டி எடுத்துவிட்டு வைத்தால், நாள் தவறியிருந்தாலும் ஒட்டும். ஆக, அந்த ஒற்றை அடுக்கு மேல்தோல்தான் காவல். கருவும் கருப்பையும் பரிமாறிக்கொள்கிற ரசாயனம் எல்லாம் ஒருவகையில் இந்தக் காவலை எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருக்காகத் தளர்த்துவது என்பதைப் பற்றியதுதான்.

சரி, நாள் கணக்கைப் பார்ப்போம். முட்டை வெளியேறியதும் அது இருந்த பை கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். முட்டை கருக்குழாயில் விந்தணுவைச் சந்தித்து, பிரிந்து பிரிந்து, மூன்று நான்கு நாளில் கருப்பைக்குள் வந்துசேரும். ஐந்தாம் நாள் வாக்கில் பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலை, உள்ளே நீர் நிறைந்த ஒரு செல் உருண்டை, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக வராது. வெளியடுக்குச் செல்கள் பின்னால் நஞ்சுக்கொடியாகும், உள்ளே ஒரு ஓரமாக ஒட்டியிருக்கிற கொத்து குழந்தையாகும். தன்னைச் சுற்றியிருந்த கெட்டியான உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபிறகுதான் அதால் எதிலும் ஒட்டமுடியும்.

இந்த நாள் கணக்கு எப்படித் தெரியவந்தது என்பதே தனிக் கதை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் புரூக்ளைனில் இருந்த பெண்கள் மருத்துவமனையில் ஹெர்ட்டிக், ராக் என்ற இரண்டு மருத்துவர்கள், ஏற்கெனவே கர்ப்பப்பையை எடுக்க முடிவாகியிருந்த பெண்களிடம் உறவு கொண்ட தேதிகளைக் குறித்துவைக்கச் சொல்லி, எடுத்த கர்ப்பப்பைகளில் கருவைத் தேடினார்கள். 210 பெண்கள், கிடைத்தவை 34 கருக்கள், 1956இல் வெளியிட்டார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, ஆனால் பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கிற முதல் இரண்டு வார மனிதக் கருவின் படங்களில் பெரும்பகுதி இந்த மாதிரிகளிலிருந்து வந்தவைதான். கவனியுங்கள், அந்த 34இல் கணிசமானவை கோளாறான கருக்கள். அதாவது, கருவுற்றவை எல்லாம் பிழைக்கக்கூடியவை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு 1999இல் வில்காக்ஸ் குழு வேறு வழியில் போனது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த பெண்களின் சிறுநீரைத் தினமும் வாங்கி, கருவின் வெளியடுக்கு சுரக்கிற ஹெச்சிஜி ஹார்மோன் முதன்முதலில் தலைகாட்டுகிற நாளைக் கரு ஒட்டிய நாளாக எடுத்துக்கொண்டார்கள். நிலைத்த கர்ப்பங்களில் அது முட்டை வெளியேறி 6ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள் வந்தது; 84 சதவீதம் பேருக்கு 8, 9, 10 ஆகிய மூன்று நாள்களுக்குள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கணக்கு: 9ஆம் நாளுக்குள் ஒட்டியவற்றில் சீக்கிரமே கலைந்தவை 13 சதவீதம், 10ஆம் நாள் ஒட்டியவற்றில் 26, 11ஆம் நாள் 52, அதற்கும் பிறகு ஒட்டியவற்றில் 82. தாமதமாக வருகிற கரு பலவீனமானதாக இருக்கலாம், இல்லை உட்சவ்வின் நேரம் முடிந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், கதவு திறந்திருப்பது சில நாள்கள்தான்.

அந்தக் கதவைத் திறப்பது தாயின் ஹார்மோன்கள். மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் உட்சவ்வை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளையும் (அந்த ஹார்மோன் வந்து உட்காருகிற புரதங்கள்) தயார்செய்து வைக்கும். பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் வந்து வளர்ச்சியை நிறுத்தி, சுரக்கிற வேலைக்குத் திருப்பும். இது நேராக ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை இல்லை. எலியில் பார்த்தால், மேல்தோலில் புரோஜெஸ்டிரோன் பட்டதும் அங்கிருந்து இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், ஈ ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த 'முள்ளெலி' என்ற பெயரின் வாரிசு) கீழே இருக்கிற ஸ்ட்ரோமா என்ற இணைப்புத் திசுவுக்குப் போகும். ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்-2 என்ற மரபணு வேலை செய்து, மேல்தோலைப் பெருகச்சொல்லும் வளர்ச்சிக் காரணிகளை அடக்கும். பெருகுவதை நிறுத்தினால்தான் மேல்தோல் கருவை ஏற்கும். ஹேண்ட்-2 கதையை 2011இல் இல்லினாயில் இருக்கிற பாக்சி தம்பதியின் குழு வெளிக்கொண்டு வந்தது. சொல்லவருவது, கரு வந்து சேர்வதற்கு முன்னாலேயே கருப்பையின் அடுக்குகள் தங்களுக்குள் ஒரு சுற்று பேசி முடித்திருக்கவேண்டும்.

அடுத்து லிஃப். ரத்தப் புற்றுநோய் செல் ஆராய்ச்சியில் கண்டுபிடித்த சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதம்) அது, அதனால் பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. 1992இல் காலின் ஸ்டூவர்ட் குழு லிஃப் மரபணு இல்லாத எலிகளை உண்டாக்கியது. பெண் எலிகள் ஆரோக்கியமாக இருந்தன, முட்டை வந்தது, கரு உண்டானது, பிளாஸ்டோசிஸ்ட் வரை வளர்ந்தது, அப்புறம் கருப்பைக்குள் சும்மா மிதந்துகொண்டே இருந்தது. ஒன்றுகூட ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்து லிஃப் சுரக்கிற வேறொரு எலிக்குள் வைத்தார்கள். ஒட்டி, முழுதாக வளர்ந்து பிறந்தன. கருவில் ஒரு குறையும் இல்லை, தாயின் சுரப்பிகளிலிருந்து வரவேண்டிய ஒரு புரதம் மட்டும் இல்லை. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் பார்த்ததில்லை.

உடனே, அப்படியென்றால் பெண்களுக்கு லிஃப் ஊசி போட்டால் சரியாகிவிடாதா என்று தோன்றும். தோன்றியது, போட்டும் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கரு ஒட்டாத பெண்களில் லிஃப் ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்டுச் செய்த சோதனை 2009இல் வெளியானது. பலன் இல்லை, லிஃப் வாங்கியவர்களில் கர்ப்பம் குறைவாகவே இருந்தது. எலியில் ஒரு மூலக்கூறு இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகிறது என்பதும், மனிதரில் அதை அதிகம் கொடுத்தால் நடக்கும் என்பதும் வேறு வேறு சங்கதிகள். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால், 'கரு ஒட்ட வைக்கும்' என்று விலை சொல்லப்படுகிற பல விஷயங்களைக் கேள்வி கேட்கமுடியும்.

இதுவரை தாயின் பக்கம். கரு தன் பங்குக்கு என்ன செய்கிறது? 1994இல் சுதான்ஷு டே என்ற, கொல்கத்தாவில் படித்து அமெரிக்காவில் ஆய்வு நடத்திய விஞ்ஞானியின் குழு ஒன்றைக் கவனித்தது. எலியின் கருப்பையில் ஹெச்பி-ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி எல்லா இடத்திலும் வருவதில்லை. கரு மிதந்துகொண்டிருக்கிற இடத்துக்கு நேர் எதிரே உள்ள மேல்தோலில் மட்டும், ஒட்டுவதற்கு ஆறேழு மணி நேரம் முன்னால் வருகிறது. அதாவது, இன்னும் தொடாத கரு ஏதோ ஒன்றை அனுப்பி, 'இந்த இடம்' என்று குறித்துவிடுகிறது, கருப்பை அந்த இடத்தில் பதில் புரதத்தைச் சுரக்கிறது, அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளும் ஏற்பி கருவின் மேல் இருக்கிறது. 2001இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கருவே இல்லாமல், கரு அளவுள்ள சின்னச் சின்ன மணிகளை ஹெச்பி-ஈஜிஎஃபில் ஊறவைத்து எலியின் கருப்பைக்குள் விட்டார்கள். மணி இருந்த இடத்தில் கரு வந்ததுபோலவே மரபணுக்கள் விழித்துக்கொண்டன, அந்த மேல்தோலும் தானே ஹெச்பி-ஈஜிஎஃப் சுரக்க ஆரம்பித்தது. சுரந்தது மேலும் சுரக்கவைக்கும், ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும். அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் இதில் அழகு.

எலியில் கருப்பை தயாராக இல்லையென்றால் கரு காத்திருக்கவும் செய்யும். பாலூட்டிக்கொண்டிருக்கிற எலியில் புதிதாக உண்டான கருக்கள் கிட்டத்தட்ட உறக்கத்துக்குப் போய், ஈஸ்ட்ரோஜன் வந்ததும் விழித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் ரோ மான் கோடையில் இணைசேர்ந்து, கருவை நான்கைந்து மாதம் அப்படியே மிதக்கவிட்டு, குளிர்காலத்தில்தான் ஒட்டவைக்கும். மனிதரில் அந்த வசதி இல்லை.

ஒட்டுகிற தருணத்துக்கு வருவோம். உட்சவ்வின் மேல்பரப்பில் மியூசின்-1 என்ற சர்க்கரை நிறைந்த நீளமான மூலக்கூறு புல்வெளி மாதிரி மண்டிக்கிடக்கும், அது யாரையும் கிட்ட விடாது. எலி போன்ற விலங்குகளில் புரோஜெஸ்டிரோன் அதை மொத்தமாக வழித்தெடுத்துவிடும். மனிதரில் நேர்மாறாக, ஒட்டுகிற நாள்களில் அது இன்னும் அதிகமாகிறது, கரு வந்து நிற்கிற இடத்தில் மட்டும் கரு அதை நீக்கிக்கொள்கிறது என்று செல் வளர்ப்புச் சோதனைகள் காட்டுகின்றன. மற்ற இடங்கள் மூடியே இருக்கும், வந்த ஆள் தனக்கான இடத்தைத் தானே திறக்கவேண்டும். அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் சில, கருவுக்கு முதல் பிடிமானமாகவும் ஆகின்றன. 2003இல் சூசன் ஃபிஷரின் குழு காட்டியது இது: ரத்தக் குழாய்க்குள் ஓடுகிற வெள்ளை அணுக்கள், காயம்பட்ட இடத்தில் சுவரைப் பிடித்து உருண்டு நிற்பதற்கு எல்-செலக்டின் என்ற மூலக்கூறைப் பயன்படுத்துகின்றன, அதே எல்-செலக்டின் உறையைவிட்டு வெளியே வந்த மனிதக் கருவின் மேலும் இருக்கிறது, அதற்கேற்ற சர்க்கரை உட்சவ்வில் அந்த நாள்களில் கூடுகிறது. லேசான பிடிக்குப் பிறகு கெட்டியான பிடி: சுழற்சியின் 20ஆம் நாள் வாக்கில் உட்சவ்வில் வருகிற ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதம், ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்வதாகக் கருதப்படுகிறது.

கரு எந்தப் பக்கமாக ஒட்டுகிறது என்பதும் விஷயம்தான். மனிதரில், உள்ளே குழந்தைக்கான செல்கொத்து இருக்கிற பக்கம் முதலில் ஒட்டும், எலியில் எதிர்ப்பக்கம். வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரானின் ஆய்வகம் ஸ்டெம் செல்லிலிருந்து கருவைப் போன்ற அமைப்புகளை உண்டாக்கி 2021 கடைசியில் வெளியிட்டது. அவற்றை வளர்ப்புத் தட்டில் இருந்த உட்சவ்வுச் செல்கள்மேல் விட்டால், செல்களுக்கு ஹார்மோன் கொடுத்திருந்தால் மட்டும் ஒட்டின, கொடுக்காவிட்டால் ஒட்டவில்லை, ஒட்டியதும் சரியான பக்கமாகவே. உண்மையான மனிதக் கரு ஒட்டுவதை உடம்புக்குள் யாரும் பார்க்கமுடியாது என்பதால், மேலே சொன்னதில் பாதி எலியிலிருந்து வந்தது. மனித விவரங்களுக்கு இந்த மாதிரி அமைப்புகள்தான் இனி பெரிய நம்பிக்கை.

ஒட்டியபிறகு கருவுக்கு உள்ளூர் வேலை மட்டும் போதாது, தூரத்தில் இருக்கிற சினைப்பைக்கும் சேதி சொல்லவேண்டும். ஏனென்றால் கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் சுமார் 14 நாள். அது ஓய்ந்தால் புரோஜெஸ்டிரோன் விழும், உட்சவ்வு உதிரும், மாதவிடாய் வரும், ஒட்டிய கருவும் சேர்ந்து போய்விடும். எட்டாம் ஒன்பதாம் நாள் ஒட்டிய கருவுக்குக் கையில் இருப்பது நாலைந்து நாள். அதற்குள் வெளியடுக்குச் செல்கள் ஹெச்சிஜியை ரத்தத்தில் கலக்கவேண்டும். அது, முட்டையை வெளியேறவைக்கிற எல்ஹெச் ஹார்மோனின் ஏற்பியிலேயே போய் உட்காரும், கார்பஸ் லூட்டியம் ஓய்வு பெறாமல் தொடர்ந்து சுரக்கும். ஆரம்பத்தில் ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒருமுறை ஹெச்சிஜி இரட்டிப்பாகும். நஞ்சுக்கொடி சொந்தமாகப் போதுமான புரோஜெஸ்டிரோன் உண்டாக்கும்வரை இந்த ஏற்பாடுதான். 1970களில் சாப்போ செய்த ஆய்வுகளில், ஏழு வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை எடுத்துவிட்டால் கர்ப்பம் கலைந்துவிடும், அதற்கு அப்புறம் எடுத்தால் தாங்கிக்கொள்ளும் என்று தெரிந்தது. ஹார்மோன் மாத்திரையில் உட்சவ்வைத் தயாரித்து உறைகருவை வைக்கிறவர்களுக்கு முட்டை வெளியேறியிருக்காது, கார்பஸ் லூட்டியமே இருக்காது. அதனால்தான் டெஸ்ட் பாசிட்டிவ் வந்த பிறகும் புரோஜெஸ்டிரோனை நிறுத்தாதீர்கள் என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

மாடு, ஆடு வளர்க்கிற வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு சுவாரசியம். அவற்றில் இந்த வேலையை ஹெச்சிஜி செய்வதில்லை. 1966இல் கேம்பிரிட்ஜில் மூர், ரோசன் இருவரும் செம்மறி ஆட்டில் கருவை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தார்கள். 12ஆம் நாளுக்குமேல் எடுத்தால்தான் ஆடு மறுபடி பருவத்துக்கு வரத் தாமதமானது, அதற்கு முன்னால் எடுத்தால் கரு இருந்ததே தெரியாத மாதிரி வழக்கமான நாளில் பருவத்துக்கு வந்தது. கரு கொடுக்கிற அந்தச் சேதி ஒரு இன்டர்ஃபெரான் என்று 1987இல் தெரிந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம், இன்டர்ஃபெரான் என்றால் வைரஸ் வந்தால் உடம்பு சுரக்கிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அது கார்பஸ் லூட்டியத்தைத் தட்டிக்கொடுப்பதில்லை; அதைக் கொல்லக் கருப்பை அனுப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைத் தடுத்துவிடுகிறது. சினை ஊசி போட்டு 21ஆம் நாள் மாடு திரும்பவும் கத்தினால், பல சமயம் கரு உண்டாகாமல் இல்லை, உண்டான கரு 16, 17ஆம் நாளுக்குள் சத்தமாகச் சேதி சொல்லவில்லை. பன்றியில் கரு ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. குதிரையில் கரு 16ஆம் நாள் வாக்கு வரை கருப்பை முழுக்கச் சுற்றிச்சுற்றி வந்து தன் இருப்பைத் தெரிவிக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நல்ல கரு, நல்ல உட்சவ்வு, ஏன் ஒட்டவில்லை?

பெரும்பாலான பாலூட்டிகளில் கரு வந்து ஒட்டியபிறகுதான் ஸ்ட்ரோமா செல்கள் டெசிடுவா என்ற பருத்த, சுரக்கிற செல்களாக மாறும். மனிதரில் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் அந்த மாற்றம் தானாகத் தொடங்கிவிடுகிறது, கரு இல்லையென்றால் உதிர்ந்துவிடுகிறது. மாதவிடாய் என்பதே இதன் விளைவு. எதற்கு இந்த வீண்செலவு? பிரிட்டனில் யான் பிராசன்ஸ், நிக் மேக்லன் குழுக்கள் சொல்லும் விளக்கம் என்னை ஈர்க்கிறது: மனிதக் கருக்களில் குரோமோசோம் கோளாறு அசாதாரண அளவுக்கு அதிகம், ஆகவே கரு ஆழமாகப் பதிவதற்கு முன்பே அதைச் சோதித்துப் பார்க்கிற திசு தயாராக இருக்கவேண்டியிருக்கிறது. 2010இல் அவர்கள் டெசிடுவா செல்களோடு மனிதக் கருக்களை வளர்த்தபோது, வளர்ச்சி நின்றுபோன கரு பக்கத்தில் இருந்தால் அந்தச் செல்கள் கருவுக்கு உதவும் பல சுரப்புகளை நிறுத்திக்கொண்டன. 2014இல், கரு வளர்ந்த திரவத்தை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். நல்ல கருவின் திரவம் மேல்தோல் செல்களில் சுருக்கமான, ஒழுங்கான கால்சியம் அலைகளை எழுப்பியது (இதில் கரு விடுகிற டிரிப்சின் என்ற நொதிக்குப் பங்கு உண்டு). மோசமான கருவின் திரவம் நீண்ட, கட்டுக்கடங்காத அலைகளை எழுப்பி, டெசிடுவா செல்களில் அழுத்த அறிகுறிகளை உண்டாக்கியது.

இதன் மறுபக்கம் இன்னும் யோசிக்கவைக்கிறது. 2012இல் மேக்லன் குழுவினர், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகிற பெண்களின் ஸ்ட்ரோமா செல்களைச் சோதித்தார்கள். சாதாரணமாக அந்தச் செல்கள் நல்ல கருவை நோக்கி நகரும், மோசமான கரு இருந்தால் நகராது. இந்தப் பெண்களின் செல்கள் இரண்டையும் நோக்கி ஒரேமாதிரி நகர்ந்தன. அதாவது, சிலருக்குப் பிரச்சினை, கருப்பை கருவை ஒட்டவிடாதது இல்லை, எல்லாவற்றையும் ஒட்டவிடுவதுதான். சீக்கிரம் கர்ப்பமாவார்கள், சீக்கிரம் இழப்பார்கள். இந்தக் கருத்தை எல்லா ஆய்வாளர்களும் முழுசாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை, செல் வளர்ப்பில் பார்த்ததை உடம்புக்குப் பொருத்துவதில் சந்தேகம் உள்ளவர்கள் உண்டு. இருந்தாலும், ஒட்டாமல் போன ஒவ்வொரு முறையும் கருப்பை தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வது தவறு, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதோடு, கிரேடு என்பது கருவின் தோற்றம் மட்டுமே. செல்கள் எத்தனை, எப்படி அடுக்கியிருக்கின்றன என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் போடுகிற மதிப்பெண், குரோமோசோம் எண்ணிக்கை அதில் தெரியாது. 9 மில்லிமீட்டர் என்பதும் தடிமன்தான், லிஃப் எவ்வளவு, இன்டெக்ரின் வந்ததா என்று ஸ்கேனில் தெரியாது. குரோமோசோம் சோதித்துச் சரியென்று தேர்ந்தெடுத்த கருவை வைத்தாலும்கூட, பின்னால் சொல்லப்போகிற ஒரு பெரிய ஆய்வில் குழந்தை பிறந்தது பத்தில் ஆறு பேருக்குத்தான்.

நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிக் கொஞ்சம். கருவில் பாதி அப்பாவின் மரபணு, அப்படியிருக்க உடம்பு ஏன் அதை வெளியாள் என்று தாக்குவதில்லை என்ற கேள்வியை 1953இல் பீட்டர் மெடவார் எழுப்பினார். ஒட்டுமொத்தப் பதில் பெரியது. நமக்கு வேண்டிய அளவில்: நஞ்சுக்கொடிச் செல்கள் வழக்கமான அடையாள மூலக்கூறுகளை மறைத்து, ஹெச்எல்ஏ-ஜி போன்ற சிலவற்றை மட்டும் காட்டும். டெசிடுவாவில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் என்கே (இயற்கைக் கொல்லி) செல்கள். 'கொல்லி' என்று பெயர் இருப்பதால் இவற்றை அடக்கவேண்டும் என்று சில இடங்களில் மருந்து கொடுக்கிறார்கள். கருப்பையில் இருக்கிறவை கொல்கிற வேலை செய்வதில்லை, ரத்தக் குழாய்களை அகலமாக்கி நஞ்சுக்கொடிக்கு வழி செய்கிற உதவியாளர்கள். ரத்தத்தில் என்கே எண்ணிக்கை பார்த்துவிட்டுக் கருப்பைக்கு வைத்தியம் செய்வதை நான் நம்புவதில்லை.

சொல்லப்போனால் கரு ஒட்டுவதே பாதி அழற்சிதான். 2017இல் குன்டர் வாக்னர் குழுவினர், பைப்பாலூட்டியான ஒரு வகை ஒபாசத்தைப் பார்த்தார்கள். அதில் கரு முட்டை ஓட்டைவிட்டு வெளிவந்து கருப்பையைத் தொட்டதும் காயம்பட்டது மாதிரி அழற்சி கிளம்புகிறது, இரண்டொரு நாளில் பிரசவமே ஆகிவிடுகிறது. நம் வம்சத்தில் அதே அழற்சிச் சிக்னல்களை அடக்கி, திருப்பி, ஒட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டோம் என்பது அவர்கள் வாதம். புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதி இல்லாத எலிகளில் கரு ஒட்டுவது குலைந்துபோகிறது என்று 1997இலேயே தெரியும். வலிநிவாரணிகள் பல இதே நொதியைத்தான் தடுக்கின்றன, ஆகவே அந்த வாரத்தில் டாக்டரைக் கேட்காமல் அவற்றை விழுங்காதீர்கள்.

நடைமுறைக்கு வந்தால், இவ்வளவு மூலக்கூறுகள் தெரிந்திருந்தும் வெளியிலிருந்து நாம் திருத்தக்கூடியது குறைவு. உட்சவ்விலிருந்து துணுக்கு எடுத்து மரபணுக்களைப் பார்த்து 'உங்களுக்கு உகந்த நேரம் இது' என்று சொல்கிற விலையுயர்ந்த சோதனை ஒன்று உண்டு. முன்னால் குறிப்பிட்ட அந்தப் பெரிய ஆய்வு இதைத்தான் பார்த்தது: 767 பெண்களில் செய்து 2022இல் வெளியான அதில், அந்தச் சோதனைப்படி நேரம் மாற்றி வைத்தவர்களில் குழந்தை பிறந்தது 58.5 சதவீதம், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9. உட்சவ்வைக் கீறிவிட்டால் நன்றாக ஒட்டும் என்று பல வருடம் செய்தார்கள். 1364 பெண்களில் செய்த 2019 ஆய்வில் கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்தது ஒரே 26.1 சதவீதம். அடுத்த முறை இப்படி ஏதாவது சேர்க்கச் சொன்னால், இதற்குக் குழந்தை பிறப்பைக் கணக்கில் எடுத்த, சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, காசு உங்களுடையது.

மாடிப்படி ஏறியது, ஆட்டோவில் குலுங்கியது, எழுந்து பாத்ரூம் போனது, இவற்றால் கரு விழுந்துவிடாது. உட்சவ்வின் இரண்டு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் கிடக்கின்றன, நடுவே ஈரப்படலம் மட்டும், விழுவதற்கு அங்கே இடமே இல்லை. வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் பலன் உண்டு என்று எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை.

கடைசியாக, டெஸ்ட். ஐந்தாம் நாள் கருவை வைத்தால் ஒட்ட ஒன்றிரண்டு நாள், ஹெச்சிஜி ரத்தத்தில் அளக்கிற அளவுக்கு ஏற இன்னும் சில நாள், அதனால் மூன்றாம் நாளே வீட்டில் குச்சி டெஸ்ட் பார்த்து நெகட்டிவ் என்று அழுவதில் அர்த்தமில்லை. முட்டை வெளிவர ஹெச்சிஜி ஊசி போட்டு, அதே சுழற்சியில் கருவை வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: அந்த ஊசி மருந்து பத்து நாள் வரைகூட உடம்பில் இருக்கலாம், அதற்குள் வருகிற பாசிட்டிவ் ஊசியுடையதா கருவுடையதா என்று சொல்லமுடியாது. குறித்த நாளில் பீட்டா ஹெச்சிஜி பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்து, ஏறுகிறதா என்று பாருங்கள்.